படமும் சதையும்

ஒரகடம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். கணவர் தன் நெஞ்சு ஸ்கேன் படத்தை உறையிலிருந்து எடுப்பதும், ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பதும், திரும்ப உள்ளே திணிப்பதுமாக இருந்தார். பிடுங்கி வைத்துவிடலாமா என்று எனக்கே கை பரபரத்தது.

“படத்தப் பாத்து டி.பி.ன்னாங்க. இப்ப நெஞ்சுக்குள்ள சதையக் கிள்ளிப் பாத்துட்டு, இது கல்லுத்தூளுன்றாங்க.”

“அப்ப ஒட்டுவாரொட்டி இல்லியா?”

“இல்லியாம். கல்லு ஒடைக்கிற கிரஷர் தூசியாம்.”

“அய்யோ, ஒரு வருசமா உனுக்குத் தட்டு வேற, டம்ளரு வேற வெச்சிக்கினு இருந்தேனே! புள்ளயக்கூட கிட்ட வுடலியே.”

“வுடு. இன்னிக்கி வந்து மடியில குந்தட்டும்.”

“மாத்திர இன்னா குடுத்தாங்க?”

“தூசிக்கு மாத்திர கெடையாதாம். கிரஷர் பக்கமே தல வெக்காதன்ட்டாரு டாக்டரு.”

“நீ போவாத. வூட்லயே குந்து. நான் அங்க கல்லு வாரிக் கொட்ற கூலி போதும் நமக்கு.”

வடக்குப்பட்டு வந்தது. அந்த அம்மாள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு இருமினார். அவர் படத்தை விட்டுவிட்டு மனைவியையே பார்த்தார்.

“நீ எத்தினி நாளா இருமிக்கினு கீற?”

“எயுந்திரு, ஸ்டாப்பு வந்துடுச்சி.”