முதல் நாள் ரத்தம்

ஜாதவ்பூரில் எங்கள் வீட்டு மாடிப்படி மழைக்காலத்தில் வழுக்கும். தெருவில் எல்லோருக்கும் தெரியும். அதனால் என் தம்பி ஜெய்ராம் விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தபோது யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தள்ளியது நான்.

என் வேலையைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும், இன்ஸ்பெக்டர் சார். எலும்பில் கிருமி புகுந்தால் சிலருக்குச் சில வாரங்களில் தீர்ந்துவிடும். சிலருக்கு உள்ளேயே தங்கி வருஷக்கணக்கில் அரிக்கும். எது தங்கப்போகிறது என்று ரத்தத்தில் ஓர் அடையாளம் முன்கூட்டியே காட்டிக்கொடுக்குமா? லேபில் பதினோரு வருஷமாகத் தேடினேன். நாள்பட்ட நோயாளிகள் காலம் கடந்துதான் வருகிறார்கள். கிருமி புகுந்த முதல் நாள் ரத்தம் ஒருவரிடமிருந்தும் கிடைத்ததில்லை.

வெளியாளுக்கு இதைச் செய்திருந்தால் தப்பு. ஜெய்ராம் என் தம்பி.

அவன் கிடர்பூரில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் கிளார்க். கல்யாணமாகவில்லை. ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்து அனுப்பினார்கள். வீட்டில் கட்டு மாற்றியது நான். புண் ஆறத் தொடங்கும்போதெல்லாம் லேபிலிருந்து கொண்டுவந்த கிருமியைத் தடவினேன். மூன்றாவது வாரம் சீழ் வைத்தது. துண்டைக் கடித்துக்கொண்டு அழுவான். கிருமி தடவிய முதல் நாளிலிருந்தே வாரம் இருமுறை ரத்தம் எடுத்துவைத்தேன்.

"நீ இல்லேன்னா நான் என்னக்கா ஆயிருப்பேன்?" என்பான். கீழ்வீட்டுப் பெங்காலிக் கிழவி, நாங்கள் மாஷிமா என்று கூப்பிடுகிறவள், எனக்காகக் காளிகாட் கோயிலில் வேண்டிக்கொண்டாள்.

ஐந்தாவது மாதம் அந்த அடையாளம் தெரிந்தது. அவனுடைய முதல் நாள் ரத்தத்திலேயே ஒரு புரதம் ஏறியிருந்தது. சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். ஜெய்ராம் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஊன்றுகோலோடு நின்றிருந்தான். கையில் கிருமி வைத்திருந்த குப்பி.

"இதுல என் பேர் எழுதியிருக்கேக்கா. நான் விழறதுக்கு முந்தின நாள் தேதி போட்டிருக்கே."

அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு, "மாஷிமா" என்று கத்திக்கொண்டே வாசலுக்கு நொண்டினான். ஊன்றுகோலைப் பிடுங்கினேன். அந்தக் கால் மடங்கி விழுந்தான். ஊன்றுகோலாலேயே தலையில் அடித்தேன். ஏழு அடி. மூன்றாவதிலேயே சத்தம் நின்றுவிட்டது. உடம்புச் சூடு தணிவதற்குள் கடைசிச் சோதனைக் குழாயையும் அவன் ரத்தத்தால் நிரப்பிக்கொண்டேன்.

கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கொடுமைப்படுத்தினேன் என்று மட்டும் எழுதாதீர்கள், சார். ஐந்து மாதம், ஒருநாள் தவறாமல் அந்தப் புண்ணைக் கழுவிக் கட்டியிருக்கிறேன். கூடப் பிறந்தவளைத் தவிர வேறு யார் செய்வார்கள்?