ஏழு நாள் மழை

— அந்தப் பாட்டிலை ஏன் குப்பைக்கூடையில போட்டிருக்கே?

— சும்மாப்பா.

— சும்மாவா? அதை அறுத்து, ஸ்கேல் ஒட்டி, மழை அளக்கப்போறேன் மழை அளக்கப்போறேன்னு வீட்டையே தலைகீழாக்கினது யாரு?

— அது முடிஞ்சிடுச்சு. நேத்தே நோட்டைக் குடுத்தாச்சு.

— டீச்சர் என்ன சொன்னாங்க?

— ஒண்ணும் சொல்லலை.

— சுண்டெலி... அப்பா மூஞ்சியைப் பாத்துச் சொல்லு.

— எல்லாரும் ஏழு நாளும் சைபர்னு எழுதியிருந்தாங்க. நான் மட்டும் நாலு மில்லிமீட்டர், ஏழு, பன்னெண்டுன்னு...

— ம்.

— உங்க வீட்டு மொட்டைமாடிக்கு மட்டும் தனி மேகமான்னு கேட்டாங்க. கிளாஸே சிரிச்சுது.

— நீ என்ன சொன்னே?

— ஏதோ சொன்னேன்.

— சொல்லும்மா.

— அளக்கவே இல்லை, தோணினதை எழுதிட்டேன்னு சொன்னேன்.

— ஏன் அப்படிச் சொன்னே? ஒழுங்கா அளந்துதானே எழுதினே? நானும் பக்கத்துல நின்னேனே.

— விடுப்பா. பட்டறைக்கு நேரமாகுது உனக்கு.

— பட்டறை கிடக்கட்டும். பாட்டிலைக் குப்பையில பாத்ததும் கிளம்ப மனசு வரலை. இப்படி வந்து உக்காரு... அப்பா ஒரு தப்பு பண்ணிட்டேன்.

— என்ன தப்பு?

— முதல் நாள் பாட்டில் காய்ஞ்சு கிடந்தது. நீ வந்து பாத்தா மூஞ்சி வாடிடுமேன்னு... டம்ளர்ல கொஞ்சம் தண்ணி எடுத்து...

— ஊத்தினே.

— ஊத்தினேன். சந்தேகம் வரக்கூடாதுன்னு தரையிலயும் தெளிச்சேன். நீ குதிச்ச குதியைப் பாத்துட்டு மறுநாளும் ஊத்தினேன். அப்புறம் நிறுத்த முடியலை. நோட்டு டீச்சர் கைக்குப் போகும்னு இந்த மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

— பரவாயில்லைப்பா.

— என்ன பரவாயில்லை? பொய் என்னோடது, தலைகுனிஞ்சு நின்னது நீ. இன்னிக்கே வந்து டீச்சர்கிட்ட சொல்லிடறேன்.

— வேண்டாம். பொய் என்னோடதும்தான்.

— உன்னோடதா?

— ரெண்டாம் நாளே பாத்துட்டேன். கதவுக்குப் பின்னாடி நின்னுட்டிருந்தேன்... நீ டம்ளரைச் சட்டைக்குள்ள ஒளிச்சு எடுத்துட்டு வந்தே.

— தெரிஞ்சேவா எழுதினே? ஏன் கண்ணு?

— எப்பவும் நான் எழுந்திருக்கறதுக்குள்ள நீ பட்டறைக்குப் போயிடுவேப்பா. அந்த ஏழு நாள்தான் எனக்காகக் காத்திருந்தே. சைபர்னு எழுதினா... அதையும் நிறுத்திடுவியேன்னு பயமா இருந்தது.