பவுனு வாயத் தொறக்க மாட்டேங்கறான்

இப்படியே புடிச்சுக்குங்க அம்மிணி. கழுத்த அழுத்தீராதீங்க, துண்டோட சேத்து அணைச்சாப்ல... ஆங், அதேதான். மேல்மாடி ஊடு வாடகைக்குப் பாக்கத்தானுங்க வந்தீங்க, தெரியுது. காட்டறனுங்க. சாவி ஆணியிலதான் தொங்குது, எங்கயும் போயிராது. ஆனா பாருங்க, பூனைக்கு ஊட்டற நேரமாப் பாத்து வந்துபோட்டீங்க. எப்பவும் புடிக்கற என்ற ஊட்டுக்காரரு குளிக்கப் போயி உக்காந்துட்டாரு. உள்ள தண்ணி ஊத்தற சத்தமே இல்ல பாருங்க. போனத் தடவிக்கிட்டிருப்பாரு.

பயப்படாதீங்க, கடிக்க மாட்டான். கடிக்கறதுன்னா வாயத் தொறக்கோணுமில்லீங்க? அதத்தான் தொறக்க மாட்டேங்கறான்.

பவுனுன்னு பேரு. என்ற மக கனிஷ்கா வச்சது. வெள்ளப் பூனைக்கு எதுக்குடி பவுனுன்னேன். இப்பப் பேருக்கேத்தாப்ல காது, கண்ணு, ஈறு எல்லாம் பவுன் நெறமாயிப் போச்சு. இது எவ்வளவோ பரவால்லீங்க, வெளுத்துருக்குது. முன்ன பாத்திருக்கோணும் நீங்க. நான் என்ன நெனச்சேன்னா, மஞ்சத்தூளு டப்பாவ உருட்டிப் போட்டான்னு நெனச்சேன். ஈரத்துணிய வச்சுத் தொடைக்கறேன், தொடைக்கறேன்... காது செவந்துச்சே ஒழிய மஞ்ச போகல. அப்பறந்தான் இவரு வந்து பாத்துப்போட்டு, "வசந்தா, இது காமாலை"ங்கறாரு.

சித்த சாச்சுப் புடிங்க. வாயோரத்துல இப்படி ஊசிக்குழாய வச்சு, சொட்டுச் சொட்டா... ம், முழுங்கறான். டாக்டரு குடுத்த டப்பாச் சோறுங்க, வெந்நீல கரைச்சது. அவசரப்பட்டா பொறையேறிக்கும்னு சொல்லியிருக்காரு. உங்களுக்கு அவசரமொண்ணும் இல்லீங்களே?

எதுல உட்டேன்... ஆங், கனிஷ்கா. அவ கோயமுத்தூருக் காலேசுக்குப் போனாளுங்க. ஆஸ்டல்ல உட்டுப்போட்டு நாங்க ஊட்டுக்கு வந்தா, இவன் அவ கட்டலுக்கு அடியில போயிப் படுத்துக்கிட்டான். பால் வச்சா மோந்து பாக்கறான், திரும்பிக்கறான். மீன் வச்சேன். முட்டைய அவிச்சு வச்சேன், வதக்கி வச்சேன். நாமக்கல்லுல இருந்துக்கிட்டு முட்டை வேண்டாங்கற ஜீவன இப்பத்தான் பாக்கறேன். திமிருன்னு உட்டுட்டோம். இவரு வேற, "நல்லாக் கொழுத்துக் கெடக்கறான், கொஞ்சம் எளைக்கட்டும்"ங்கறாரு.

அதுதான் தப்பாப் போச்சாமா. கொழுத்த பூனை திடீர்னு சோறு உங்காம கெடந்தா, ஒடம்புல இருக்கற கொழுப்பு பூரா ஈரல்ல போயி அடைச்சுக்குமாம். டாக்டரு சொல்றாரு. மனுசங்களுக்கு அப்படி ஆகாதுங்களான்னு கேட்டேன். அவரு சிரிக்கறாரு. ஏங் கேட்டேன்னா, அந்த வாரம் எங்கூட்டுல சோறு உங்காம கெடந்தது ரெண்டு பேரு. ஆஸ்பத்திரிக்குப் போனது ஒருத்தன்தான். சரி, அத உடுங்க.

மாட்டாஸ்பத்திரி கதையக் கேளுங்க. ஆட்டோட வந்தவங்க, கோழியோட வந்தவங்க எல்லாம் நிக்கறாங்க. நடுவுல என்ற ஊட்டுக்காரரு, போர் போடற ரிக் வண்டி ஓட்டற மனுசன், மீசையும் தானுமா, பூத்துண்டுல பூனையச் சுத்தித் தோள்ல போட்டுக்கிட்டு நிக்கறாரு. யாரோ, "என்னங்க, பேரனுங்களா"ன்னு கேக்கறாங்க. இவரு "ஆமாங்க"ன்னு சொல்லிப்போட்டாரு. போகும்போது அவரு ஓட்டுன வேகம் இருக்குதே... எனக்குப் பிரசவ வலி வந்தப்பக்கூட டீ குடிக்க நிறுத்துனவருங்க அவரு.

பக்கத்தூட்டு அத்தாயி அக்காதான் ஒரு பக்கம். காமாலைக்குக் கீழாநெல்லிதான்னு சொல்லி அரைச்சே கொண்டாந்துருச்சு. டாக்டரக் கேட்டா, நாட்டு மருந்து எதையும் பூனை வாயில ஊத்தீராதீங்கன்னுட்டாரு. அக்கா மனசு நோகக் கூடாதில்லீங்க? இவரு குடிக்கற மோர்ல கலக்கிக் குடுத்துட்டேன். "என்ன வசந்தா, மோரு கசக்குது"ன்னாரு. ஒடம்புக்கு நல்லதுன்னேன். பொய்யில்லீங்களே.

என்ன, கை வலிக்குதா? சித்த மாத்திப் புடிச்சுக்குங்க. பாருங்க, உதட்ட இறுக்கிக்கிட்டான். இப்பத்தான் பொண்ணு போன்ல பேசி அனுப்புனதப் போடோணும். இருங்க... கேட்டீங்களா? "பவுனு, சாப்டியாடா சாமி." காது நிக்குது பாருங்க. இந்த நேரத்துல ஒரு வாய் உள்ள தள்ளீரலாம். பொண்ணு என்னைக் கேக்கறதில்ல சாப்டியான்னு. கேட்டாலும் நான் பொய்தான் சொல்லுவேன்னு அவளுக்குத் தெரியும்.

ஆனா ஊட்டறது எல்லாம் கணக்கில்லையாமுங்க. தானா ஒரு வாய் திங்கோணும். அப்பத்தான் பொழைச்சான்னு சொல்ல முடியும்னாரு டாக்டரு. நாளைக்கு வரச் சொல்லியிருக்காரு. அதுக்குள்ள திங்கலீன்னா கழுத்துல ஓட்டை போட்டுக் கொழா வெக்கோணுமாம். இவரு அதக் கேட்டதுலருந்து அடிக்கடி குளிக்கப் போயிடறாரு. குளிக்கறதுக்கு எதுக்கு இத்தன நேரம்னு நெனக்கறீங்க? நான் போனுன்னு சொன்னேன். போனில்லீங்க.

எனக்கு மட்டும் என்னவாம்... நான் பேசிக்கிட்டே இருக்கறேன். பேச்ச நிறுத்துனா அந்தக் கொழா நெனப்பு வந்துருது. ஊசிக்குழாயப் புடிக்க முடியறதில்ல.

சரி, வெந்நி ஆறிப்போச்சு. சித்த இருங்க, சூடு பண்ணீட்டு வாரேன். இங்கிருந்தே பேசறேன், கேக்குதுங்களா? மேல்மாடியில ரெண்டு ரூமு, காத்து நல்லா வரும், மலைக்கரடு தெரியும். பூனை புடிக்குங்களா உங்களுக்கு? ஏனுங்க... என்ன சத்தமே காணோம்? கீழ உட்டுட்டீங்களா அவன? பரவால்லீங்க, அவனுக்கு ஓடறதுக்கெல்லாம் தெம்பில்ல. எங்க போனான்...

அம்மிணி.

அசையாதீங்க. மெதுவாப் பாருங்க. இவருக்குத் தட்டுல போட்டுக் கீழ வச்ச தயிருஞ்சோறு. தலைய உள்ள உட்டுட்டான். மோந்துதான் பாக்கறானா... இல்லீங்க, நக்கறான். நாக்கு வெளிய வருதுங்க. தானா. யாரும் ஊட்டாம.

கனிஷ்கா அப்பா, கதவத் தொறக்காதீங்க. உள்ளயே இருங்க. ஒண்ணும் ஆகல, நல்லதுதான். அழுகாதீங்க, சத்தம் கேக்குது. தட்டக் காலி பண்ணட்டும், உங்களுக்கு வேற போட்டுக்கலாம்.

நீங்க போறதுன்னாப் போங்க அம்மிணி. ஊட்ட இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம். செருப்ப மட்டும் கையில எடுத்துக்கிட்டு மெதுவா நடங்க. நானும் இனிப் பேசலீங்க.