ஆறாம் மாடி முட்டி

— அந்தக் கால் இல்ல மைமூன், இந்தக் கால்.

— எதுங்க?

— நீ இப்ப தடவிக்கிட்டு இருக்கியே, அது இடது. நேத்து உனக்கு வலிச்சது வலது முட்டி.

— ரெண்டும்தாங்க வலிக்குது. ஒரு நாள் இது, ஒரு நாள் அது. முறை வச்சு.

— கரண்ட் மாதிரியா? நாலு மணி நேரம் இந்தத் தெரு, நாலு மணி நேரம் அந்தத் தெரு?

— சிரிங்க நாஜியா வாப்பா, நல்லா சிரிங்க. பொண்டாட்டி முட்டி வலின்னு ஆஸ்பத்திரியில உட்கார்ந்திருக்கா...

— ஆஸ்பத்திரி இல்ல, கிளினிக். இங்க கத்தியே எடுக்க மாட்டாங்க. வாசல்ல போர்டு பார்த்தல்ல? ஆபரேஷன் இல்லாம முட்டி வலிக்கு வைத்தியம்.

— பார்த்தேன். நீங்கதான் நின்னு கடைசி எழுத்து வரைக்கும் படிச்சீங்களே.

— கதவு திறக்கட்டும்னு நின்னேன்.

— கதவு திறந்துதாங்க கிடந்துச்சு. சரி, மூச்சு வாங்குது உங்களுக்கு. தண்ணி குடிங்க.

— எனக்கு என்ன மூச்சு? நீ உன் கதையப் பாரு. இங்க பாரு மைமூன், பேச்சு பேச்சா இருக்கணும். இன்னிக்கு டாக்டர் சொல்றதுதான் முடிவு. படி ஏறலாம்னு சொன்னாருன்னா, போட்டாதாங் வீட்டுலயே, ஆறாம் மாடியிலயே இருக்கோம். ஏறக்கூடாதுன்னு சொல்லிட்டா, ஞாயித்துக்கிழமை புரோக்கர் வர்றான், வீட்டைக் கொடுக்கிறோம், மாப்பிள்ளை ஊருக்கு வெளிய லைங் தாயாவுல பார்த்து வச்சிருக்கிற வீட்டுக்குப் போயிடறோம். கீழ் வீடு. ஒரு படி கூட கிடையாது.

— ஒரு படி இருக்கு. வாசப்படி.

— அதையும் இடிச்சுத் தர்றேன்னு அஷ்ஃபாக் சொல்லியிருக்காரு.

— நல்ல மாப்பிள்ளை. பொண்ணைக் கொடுத்தோம், இப்ப வாசப்படிய இடிக்கிறாரு. நீங்க என்ன சொல்றீங்க?

— நான் என்ன சொல்றது? முட்டி உன் முட்டி.

— ஆமா... என் முட்டிதான்.

— அப்புறம் ஏன் என் காலைப் பார்த்துப் பெருமூச்சு விடுற?

— நான் எங்கங்க பார்த்தேன், பக்கத்துல இருக்கு, கண்ணு போகுது. அதை விடுங்க... உள்ள என்ன பண்ணுவாங்க?

— பயப்படாத. மொதல்ல எக்ஸ்ரே. அப்புறம் நடக்கச் சொல்வாங்க, மடக்கச் சொல்வாங்க. முக்கியமானது பயிற்சிதான். தொடைச் சதை பலமா இருந்தா முட்டிக்குப் பாரம் குறையும். நாற்காலில உட்கார்ந்து காலை நேரா நீட்டணும், பத்து எண்ணுற வரைக்கும் அப்படியே நிறுத்தணும், மெதுவா இறக்கணும். இப்படி... பாரு... இப்படி.

— அட! பழகின கால் மாதிரி போகுதே!

— போன்ல பார்த்தேன்.

— உங்க போன்ல வீடியோ என்னிக்குங்க ஓடுச்சு? நம்ம பொண்ணு நாஜியா மூஞ்சியே பாதிதான் வரும்.

— பாதி வந்துச்சு. மீதிய நானே ஊகிச்சேன்.

— ம்... சொல்லுங்க சொல்லுங்க. அப்புறம்?

— எடை குறைக்கணும்.

— யாரு?

— பொதுவா சொல்றேன்.

— பொதுவா சொல்லும்போது என் இடுப்பைப் பார்க்காதீங்க. காலையில நாலு பரோட்டா யாரு தின்னது?

— மூணரை. பயிற்சிக்குக் கேக்கலைன்னா ஊசி. முட்டிக்குள்ள ஜெல் மாதிரி ஒண்ணு ஏத்துவாங்க. மூட்டுக்குள்ள வழவழன்னு ஒண்ணு இருக்கும்ல, வயசாக வயசாக அது குறைஞ்சு போவுது. அதுக்குத் துணைக்கு இது.

— கேக்குமா?

— சிலருக்குக் கேக்கும், சிலருக்குக் கேக்காது. கேட்டா சில மாசம் நிம்மதி. பாழாப்போன எலும்பு புதுசாயிடாது, அதையும் சொல்லிடறேன்னு டாக்டரே அப்படித்தான்...

— டாக்டரே?

— ...சொல்லுவாருன்னு நெனைக்கிறேன்.

— ஓஹோ.

— அப்புறம் இன்னொண்ணு இருக்கு. நம்ம ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து, மெஷின்ல போட்டுச் சுத்தி, அதுல வேண்டியதை மட்டும் பிரிச்சு, திரும்ப நம்ம முட்டியிலயே போடுறது.

— நம்மகிட்ட எடுத்து நமக்கே கொடுக்கிறாங்க. நல்ல யாவாரம்.

— கேளு. நரம்பு வைத்தியமும் உண்டு. வலிய மூளைக்குப் போய்ச் சொல்ற சின்னச் சின்ன நரம்பு இருக்காம். ஊசி முனையில சூடு வச்சு அதோட வாயை அடைச்சிடறது. வலி இருந்தாலும் போய்ச் சொல்ல ஆள் இருக்காது.

— யா அல்லாஹ், அதை நாக்குக்கு வைக்கலாமான்னு கேளுங்க. உங்க அக்கா ஹாஜராவை நாளைக்கே கூட்டிட்டு வர்றேன்.

— அக்காவை இழுக்காத.

— இழுக்கல. கூட்டிட்டு வர்றேன்னுதான் சொன்னேன். அதிருக்கட்டும், இவ்வளவும் யாருங்க உங்களுக்குச் சொன்னது?

— டீக்கடையில பேசிக்கிட்டாங்க.

— டீக்கடையில முட்டிக்குள்ள ஜெல் ஏத்துறதைப் பேசுறாங்களா?

— எல்லாரும் வயசானவங்க. வேற என்ன பேசுவாங்க?

— டோ மைமூன் இருக்காங்களா? மைமூன் அம்மா?

— இங்கம்மா, இங்க.

— வணக்கம்மா. நான் மஞ்சுளா, இங்க நர்ஸு. உள்ள இருக்கிறவரு வெளிய வந்ததும் உங்களைக் கூப்பிடுவாரு சயா, நம்ம டாக்டர். ஒரு விவரம் மட்டும் எழுதிக்கிறேன்... வலி எந்த முட்டி?

— இடது.

— வலது.

— அங்கிள், வலி அவங்களுக்குத்தானே?

— அவளுக்குத்தாம்மா. வாய் தவறிடுச்சு.

— அங்கிள்... நீங்க போன...

— பாத்ரூம் எந்தப் பக்கம்மா இருக்கு?

— நேரா போய் இடது. ஆனா அங்கிள், நீங்க போன வா...

— இடதா? சரிம்மா, இடது. ரொம்ப நன்றிம்மா. நீ போ, உனக்கு வேலை இருக்கும்.

— என்னங்க, அந்தப் புள்ளைய விரட்டி அடிக்கிறீங்க? பாத்ரூமுக்கும் எழுந்திரிக்கக் காணோம்.

— வந்த அவசரம் போயிடுச்சு. மைமூன், அந்தப் புள்ள கையில டிரே பார்த்தியா?

— பார்க்கல.

— ஊசி. இவ்வளவு நீளம்.

— எவ்வளவு?

— ஆள்காட்டி விரலை நீட்டு... அதைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி.

— ஏங்க... பார்த்தவுடனேயே போட்டுடுவாங்களா? எழுதிக் கொடுத்து, யோசிச்சு, அடுத்த மாசம்...

— இந்த டாக்டரு சுறுசுறுப்பு. நொண்டிக்கிட்டு உள்ள போறவங்களை விட மாட்டாரு.

— நான் அவ்வளவு ஒண்ணும் நொண்டலையே.

— வாசல்ல இருந்து நாற்காலி வரைக்கும் மூணு தடவை நொண்டின. ரெண்டு தடவை வலது, ஒரு தடவை இடது. மைமூன்.

— என்ன?

— இப்பவே சொல்லிடு. உள்ள போனா ஊசி.

— என்னத்தச் சொல்றது?

— முந்தாநாள் சாயங்காலம் 'மீ லா பி, மீ லா பி'ன்னு தெருவே கத்துச்சு, கரண்ட் வந்துடுச்சுன்னு. தண்ணி மோட்டார் போடணும், சுவிட்சு கீழ. நான் செருப்பைத் தேடி எடுத்துக் கதவுக்கு வர்றதுக்குள்ள ஆறு மாடியும் இறங்கி ஓடினது யாரு?

— டேங்குல ரெண்டு நாளா பொட்டுத் தண்ணி இல்லைங்க! நாலாம் மாடிக்காரி முந்திட்டான்னா நமக்கு ஏறவே ஏறாது!

— சரி. ஏறி வரும்போது கையில என்ன?

— ...தர்பூசணி.

— எத்தனை?

— ரெண்டு.

— பால்கனியில கயிறு தொங்குதே, கட்டிவிட்டா நான் மேல இருந்து இழுத்திருப்பேன்ல?

— பெரிய பழங்க. கயிறு அறுந்து யார் தலையிலாவது விழுந்தா?

— அதனால கைக்கு ஒண்ணா தூக்கிட்டு ஏறின. அஞ்சாம் மாடித் திருப்பத்துல என்னைப் பார்த்ததும் 'உஸ்ஸு'ன்னு இடுப்பைப் பிடிச்ச.

— முட்டியத்தான் பிடிச்சேன்.

— இடுப்பு. அவசரத்துல மறந்துட்ட.

— ...சிரிக்காதீங்க.

— நான் சிரிக்கல. நீதான் சிரிக்கிற.

— சரிங்க, பிடிச்சிட்டீங்க. எனக்கு வலி இல்ல. முட்டி கல்லு மாதிரி இருக்கு. போதுமா? ஆனா நாடகம் ஆடுறது நான் மட்டுமா?

— வேற யாரு?

— மூணாம் மாடிக்கு வந்ததும் உங்களுக்கு எப்பவும் போன் வருதே, அது ஏன்? 'ஆங், சொல்லுங்க, ஆங்'னு சுவத்துல சாஞ்சுக்கிட்டு.

— கடை விஷயமா கூப்பிடுவாங்க.

— போன செவ்வாக்கிழமை 'ஆங், சொல்லுங்க'ன்னு பேசிக்கிட்டு நின்னீங்க. போன் வீட்டுல சார்ஜுல கிடந்துச்சு. காதுல என்னங்க வச்சிருந்தீங்க?

— மூக்குக் கண்ணாடி டப்பா.

— அல்லாஹ்வே! அப்புறம் பள்ளிவாசல். நம்ம தெரு மாஹிர் உம்மா சொல்றா, உங்க வீட்டுக்காரரு பின்னாடி வரிசையில நாற்காலி போட்டுத் தொழுவுறாரேன்னு. எனக்குத் தெரியாத சேதியை எனக்கே சொல்றா. எவ்வளவு கூசிப் போச்சு தெரியுமா? எத்தனை நாளாங்க?

— ரெண்டு மாசம்.

— ரெண்டு மாசமா சுஜூதுக்கு மண்டி போட்டுக் குனிய முடியல, என்கிட்ட ஒரு வார்த்தை கிடையாது. டாக்டர்கிட்ட போவோம்னா 'எனக்கென்ன கேடு'ம்பீங்க. பல்லு வலிக்கு ஒரு வருஷம் கிராம்பு வச்ச ஆளு நீங்க. பல்லு விழுந்தப்புறமும் ஒரு வாரம் வச்சீங்க.

— அதுக்காக நீ நொண்டுவியா?

— வேற என்ன வழி? உங்களுக்குன்னா வர மாட்டீங்க. எனக்குன்னா ஓடி வருவீங்க, அது எனக்குத் தெரியும். கதவு வரைக்கும் கூட்டிட்டு வந்துட்டா, உள்ள போனதும் 'சயா, முட்டி இவரோடது'ன்னு உட்கார வச்சிடலாம்னு பார்த்தேன். எனக்குப் பயமா இருக்குங்க. நீங்க படியில நிக்கிறப்பல்லாம் நான் மேல கதவைத் திறந்து வச்சிக்கிட்டுக் காலடிச் சத்தம் எண்ணுறேன். இதுக்கு என்னங்க சொல்றீங்க?

— நீ பேசவிட்டாத்தானே.

— விட்டுட்டேன். பேசுங்க.

— ஊ பீர் முகைதீன்! பீர் முகைதீன் அங்கிள், உள்ள வாங்க. உங்க ஃபைல் கிடைச்சிடுச்சு. போன வாரம் போட்ட ஜெல் ஊசிக்கு அப்புறம் எப்படி இருக்குன்னு சயா கேக்குறாரு. இன்னிக்கு ரெண்டாவது ஊசி நாள். முட்டி உறை போட்டுட்டு வந்தீங்களா?

— ரெண்டு நிமிஷம் கொடும்மா. வந்துடறேன்.

— ஃபைலா?

— மைமூன்...

— போன வாரமா? ரெண்டாவது ஊசியா?

— மெதுவா பேசு, எல்லாரும் பார்க்கிறாங்க.

— பார்க்கட்டும்! கடைக்குச் சரக்கு இறங்குதுன்னு போனது இங்கதானா?

— ஒரு மாசமா வர்றேன். மொதல்ல பயிற்சி கொடுத்தாங்க. கடையில மேசைக்குக் கீழ காலை நீட்டி நீட்டிச் செய்றேன். பூனைய உதைக்கிறேன்னு நெனச்சு வர்றவங்க எல்லாம் என்னைத் திட்டுறாங்க.

— குறைஞ்சிருக்கா?

— கொஞ்சம். முன்ன மூணாம் மாடியில நிப்பேன், இப்ப நாலுல. கைப்பிடியைப் பிடிச்சு, அவசரப்படாம, ஒரு நாளைக்கு ஒரு தடவை ஏறலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு.

— ஏறலாம்னு சொல்லிட்டாரா? அல்ஹம்துலில்லாஹ்! அதை என்கிட்ட சொன்னா என்னங்க? நல்ல சேதிதானே?

— எனக்குத்தான் நல்ல சேதி. முட்டி வலின்னு வாயைத் திறந்தேன்னா, இதுதான் சாக்குன்னு நீ அன்னிக்கே மூட்டை கட்டியிருப்ப. அதான் ஒளிச்சேன். அப்புறம் நீ நொண்ட ஆரம்பிச்ச. தர்பூசணியப் பார்த்தப்புறம் சந்தேகமே இல்ல, வீட்டை விக்க வைக்கத்தான் இவ நடிக்கிறான்னு முடிவு பண்ணிட்டேன். உன் முட்டி நல்லா இருக்குன்னு டாக்டர் வாயாலயே சொல்ல வச்சுட்டா புரோக்கரைத் திருப்பி அனுப்பிடலாம்னுதான் இங்க கூட்டிட்டு வந்தேன். எனக்கு அந்த வீட்டை விட்டு வர மனசே இல்ல மைமூன். ஜன்னலைத் திறந்தா ஆறு, படகு, அந்தக் காத்து... லைங் தாயாவுல எதைத் திறந்து எதைப் பார்க்கிறது?

— எனக்குக் கீழ் வீடு வேணும்னு உங்களுக்கு யாருங்க சொன்னா?

— நீதான் சொன்ன! முப்பத்தோரு வருஷமா, ஒவ்வொரு தடவை படி ஏறும்போதும். 'எந்தப் பாவி ஆறாம் மாடியில வீடு பார்த்தான், கீழ் வீட்டுக்குப் போயிடுவோம், கீழ் வீட்டுக்குப் போயிடுவோம்'னு.

— அது ஏறும்போது சொல்றதுங்க. ஏறி முடிச்சதுக்கப்புறம் ஒரு நாளாவது சொல்லியிருக்கேனா?