பரமக்குடி வீட்டுக்கும் பீளமேட்டு ஆபீஸுக்கும் ஒரே எண்

மணமக்களே, பந்திக்கு எழுந்து போகாமல் எனக்காக உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே... ஒரு சின்னச் சங்கதி சொல்கிறேன். கேட்டால் கதை மாதிரி இருக்கும். ஆனால் நான் பக்கத்தில் நின்று பார்த்தது.

மாப்பிள்ளைக்கு ஓசூரில் வேலை. பெண்ணுக்குத் தஞ்சாவூரில் வேலை. இன்னும் நாலு நாளில் ஆளுக்கொரு பஸ். அதனால்தான் இதை இங்கே சொல்கிறேன்.

நான் காவல் பார்க்கும் பம்பு கம்பெனி கோயம்புத்தூர் பீளமேட்டில் இருக்கிறது. அங்கே குணசீலன் என்று ஒரு தம்பி. கம்ப்யூட்டரில் பம்புக்குப் படம் வரைகிறவர். அவர் மனைவி செண்பகவல்லி பரமக்குடி ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ். கல்யாணமாகி மூன்று வருஷம்... எத்தனை நாள் சேர்ந்து இருந்திருப்பார்கள்? மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை. அந்த ஞாயிறும் டியூட்டி விழுந்துவிட்டால்? இவர் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைவார், அந்த அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே ஓடுவார். வாசலில் பார்த்துக்கொள்வதுதான் பார்ப்பது.

கடைசியில் குணசீலன் முதலாளியிடம் போய்க் கேட்டார். வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் போக ஒரு வழி இருக்கிறதாமே. விபிஎன் என்கிறார்கள். நடுவில் எத்தனை ஊர் இருந்தாலும், நமக்கு மட்டும் ஒரு மூடிய பாதை. அதில் போய் ஆபீஸ் மெஷினில் வேலை செய்யலாம். முதலாளி யோசித்தார். பிறகு சொன்னார்:

"திங்கட்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள புது பம்புப் படம் என் மேசைக்கு வரட்டும். வந்தா நீ அங்கேயே இரு. வரலீன்னா, நீ கிளம்பி வந்துரு."

திங்கட்கிழமை வந்தது. காலை ஒன்பதுக்கே பரமக்குடியிலிருந்து போன். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சாதிக் என்னையும் கூட்டிக்கொண்டு குணசீலன் மேசைக்குப் போனார். மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. நாற்காலி காலி. போனை ஸ்பீக்கரில் போட்டார்.

என்ன கோளாறு? இணைப்பு வந்துவிட்டது என்று அங்கே திரையில் எழுதியிருக்கிறதாம். ஆனால் ஆபீஸ் கம்ப்யூட்டர் எங்கே என்று கேட்டால், அப்படி ஒன்று இல்லவே இல்லை என்கிறதாம். அணைத்துப் போட்டார்கள். ரகசியச் சொல்லை மாற்றினார்கள். பத்து மணி... பத்தரை... பதினொன்று. குணசீலன் குரல் இறங்கிப்போனது. பஸ் எத்தனை மணிக்கு என்று பக்கத்தில் யாரிடமோ கேட்கிறார்.

சாதிக் ஒன்று செய்யச் சொன்னார். வீட்டு வைஃபையை விட்டுவிட்டுக் கைபேசி நெட்டில் போய்ப் பார். போனார். ஆபீஸ் மெஷின் கிடைத்துவிட்டது! ஆனால் அந்த நெட்டுக்கு வேகம் போதாது, படம் திறக்க மாட்டேன் என்கிறது.

"பாதையில கோளாறு இல்ல குணா. உன்ற வூட்டுக்குள்ளதான் கோளாறு. வைஃபை பெட்டிக்கு என்ன நம்பர் போட்டிருக்கற? படி."

குணசீலன் படித்தார். நானும் அதை எழுதிக்கொண்டேன், இதோ வைத்திருக்கிறேன். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு புள்ளி, நூற்று அறுபத்தெட்டு புள்ளி, பத்து...

சாதிக் முகம் மாறியது. "அது நம்ம ஆபீஸ் நம்பராச்சே. யாரு போட்டா?"

போனில் ஒரு பெண் குரல், செண்பகவல்லி.

"நான்தான் அண்ணே போட்டேன். ஆபீஸ் நம்பர் அவங்க நோட்டுல இருந்துச்சு. எங்க வார்டுல தாய் கையிலயும் பிள்ளை கையிலயும் ஒரே நம்பர்தான் கட்டுவோம். அப்பத்தான் ஆள் மாறாது. அதான்... ரெண்டுக்கும் ஒண்ணாப் போட்டேன்."

அந்தப் பெண்ணுக்கு யார் குற்றம் சொல்வது? சாதிக் மெதுவாகச் சொன்னார்:

"தங்கச்சி, வீட்டுக்கும் ஆபீசுக்கும் ஒரே நம்பர்னா, மெஷின் வாசப்படியத் தாண்டாது. ஆபீஸ் இங்கதான் இருக்குதுன்னு வூட்டுக்குள்ளயே தேடும். காலையில இருந்து உங்க சமையக்கட்டுலதான் எங்க ஆபீஸத் தேடிட்டிருக்குது."

வீட்டுப் பெட்டியில் பத்தை இருபது ஆக்கினார்கள். அவ்வளவுதான். பெட்டியில் விளக்கு அணைந்து எரிந்ததாம். நாங்கள் இங்கே பார்த்துக்கொண்டு நிற்கிறோம்... காலி நாற்காலி... யாரும் தொடவில்லை... திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது! எனக்கு மயிர்க்கூச்செடுத்துவிட்டது. படம் திறந்தது. அச்சாகி வந்தது. பன்னிரண்டுக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது முதலாளி மேசையில் வைத்தேன். நானேதான் கொண்டுபோய் வைத்தேன்.

திரும்பி வந்து பார்த்தால், அந்தத் திரையில் எழுத்து ஒவ்வொன்றாக விழுகிறது. பரமக்குடியில் செண்பகவல்லி அடிக்கிறார். நான் எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தேன்.

"இவர்... இன்றைக்கு... வரமாட்டார்."

மணமக்களே, ஏன் இதைச் சொன்னேன்? பிரிந்து இருக்கும்போது ஏக்கம் என்ன செய்யும் தெரியுமா? அவரையும் நம்மைப் போலவே ஆக்கிக்கொள்ளச் சொல்லும். எனக்குப் பிடித்ததுதான் அவருக்கும், நான் நினைப்பதைத்தான் அவளும் நினைப்பாள்... என்று ஒரே எண்ணைப் போட்டுவிடுவோம். ஆசையால்தான் போடுகிறோம். ஆனால் அப்புறம்? அவள் ஏன் இன்று பேசவில்லை என்று நமக்குள்ளேயே தேடுவோம். நமக்குள்ளேயே பதில் சொல்லிக்கொள்வோம். வாசற்படி தாண்ட மாட்டோம்.

மாப்பிள்ளை, நீங்கள் நீங்களாகவே இருங்கள். அம்மா, நீ நீயாகவே இரு. அவர் மனதில் என்ன என்று உன் மனதைக் கேட்காதே. அவரைக் கேள். தஞ்சாவூரிலிருந்து ஓசூருக்குப் பாதை இருக்கிறது. அந்தக் கோடியில் உன்னைப் போல இல்லாத ஒருவர், நீ எப்போது கேட்பாய் என்று காத்துக்கொண்டிருக்கிறார்.