பன்னிரண்டு வாரத்துக்குக் குறையாமல்

சாய்வு நாற்காலி வேண்டாம், அந்த முக்காலியே போதும். சாய்ந்து உட்காரும் பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. விசாரணை அதிகாரியான நீங்கள் என்னைவிட முப்பது வயது சிறியவர். கேள்வி கேட்பது உங்கள் வேலை என்பதற்காகக் கேள்விக்குறி போலவே வளைந்து உட்கார வேண்டுமா? கொஞ்சம் நிமிருங்கள். நான் ஓடிவிட மாட்டேன். எழுபத்து மூன்று வயதில் ஓடினாலும் அடுத்த மேசைவரைதான்.

கோப்பில் என்னைப் புள்ளியியல் பேராசிரியர் என்று எழுதியிருக்கிறீர்கள். சரிதான். ஆனால் என் வேலையைப் புரிந்துகொள்ள அவ்வளவு படிப்பு வேண்டாம். ஒரே மருந்தைப் பற்றி இருபது இடங்களில் இருபது பேர் ஆராய்ந்திருப்பார்கள். ஒருவர் அமிர்தம் என்பார், இன்னொருவர் வெறும் மாவு என்பார். நான் அத்தனை ஆய்வுகளையும் எடுத்து, நம்பகமானதற்கு அதிக எடையும் மற்றதற்குக் குறைந்த எடையும் கொடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே முடிவாகச் சொல்வேன். தொகுப்பாய்வு என்று பெயர். கூட்டுக் குடும்பத்தில் மூத்தவள் செய்கிற வேலைதான். எல்லோரையும் பேசவிட்டு, கடைசியில் நான் சொல்வது.

இந்தத் தொழிலுக்கு ஒரு கற்பு உண்டு. எந்த ஆய்வைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற விதிகளை, ஆய்வுகளைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே எழுதித் தேதி போட்டுவிட வேண்டும். பிறகு இரண்டு பேர் தனித்தனியாகப் படித்துத் தங்கள் முடிவுகளை ஒப்பிட வேண்டும். முப்பது வருடம் இதை மாணவர்களுக்குப் பிரம்பு எடுக்காத குறையாகச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெற்றவர்கள் ஒரே வருடத்தில் போனபோது எனக்குப் பதினாறு வயது, அவனுக்கு ஒன்பது. இந்த இரண்டும் எங்கே உருப்படப் போகிறது என்று உறவினர்கள் எங்கள் காதுபடப் பேசினார்கள். அவனை மருத்துவன் ஆக்கினேன். பதினைந்து வருடம் பாடுபட்டு, முதியவர்களுக்கான தூக்க மாத்திரை ஒன்றை அவன் கண்டுபிடித்தான். அது கடைக்கு வந்த வாரம், அதே உறவினர்கள் வரிசையில் நின்று அவனோடு படம் எடுத்துக்கொண்டார்கள். நான் அவர்களுக்குக் காபி கொடுத்தேன். அந்தக் காபியில் சர்க்கரை போடவில்லை என்பதையும் குற்றப்பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

மூன்று வருடம் கழித்து, அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அடிக்கடி விழுகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. மருந்து வாரியம் என்னிடம் தொகுப்பாய்வு கேட்டது. இந்த மருந்தோடு உங்களுக்குத் தொடர்பு உண்டா என்று படிவத்தில் ஒரு கேள்வி. இல்லை என்று எழுதினேன். மருந்தோடு எனக்கு என்ன தொடர்பு? அதைக் கண்டுபிடித்தவனோடுதானே தொடர்பு.

இருபத்திரண்டு ஆய்வுகள் வந்தன. பெரும்பாலானவை எத்தனை மணி நேரம் தூங்கினார்கள் என்று எண்ணியிருந்தன. விழுந்தவர்களை ஒழுங்காக எண்ணியது ஒன்றே ஒன்று. அதைச் செய்தவள் தம்பியின் மகள். வீட்டில் சின்னவள் என்போம். முதியோர் இல்லம் ஒன்றில் மருத்துவராக இருக்கிறாள். இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் பாதிப் பேருக்கு அப்பாவின் மாத்திரை, பாதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாத்திரை. வெறும் மாத்திரைக்காரர்களில் நான்கு பேர் விழுந்தார்கள். அப்பாவின் மாத்திரையில் பத்தொன்பது பேர். ஏழு பேருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. மூன்று பேர் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

நல்ல ஆய்வு. நான் சொல்லிக் கொடுத்த முறையில் ஒரு இம்மி பிசகவில்லை. படித்தபோது பெருமையாகத்தான் இருந்தது.

அதைச் சேர்த்தால் மாத்திரை ஆபத்து என்று வந்தது. விட்டால் ஆபத்துக்கு ஆதாரம் இல்லை என்று வந்தது. இரண்டையும் நான்கு முறை போட்டுப் பார்த்தேன். பிறகு அவள் ஆய்வில் குறை தேடினேன். ஒன்று கிடைத்தது. அது பதினோரு வாரம்தான் நடந்திருந்தது. ஆகவே, 'பன்னிரண்டு வாரத்துக்குக் குறையாமல் நடந்த ஆய்வுகளை மட்டும் சேர்க்க வேண்டும்' என்று ஒரு விதி எழுதி, ஏழு மாதத்துக்கு முந்தைய தேதியைப் போட்டேன். பாரபட்சம் தெரியக் கூடாது என்பதற்காக, மாத்திரையைப் புகழ்ந்த இன்னொரு பத்து வார ஆய்வையும் கூடவே பலி கொடுத்தேன். நியாயம் என்றால் இரண்டு பக்கமும் வலிக்க வேண்டும் அல்லவா? என்னோடு சேர்ந்து படித்தவர் என் பழைய மாணவர். துறையில் அவருக்கு ஆமாம் சாமி என்று பட்டப்பெயர். தேதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

அவள் ஆய்வு ஏன் பதினோரு வாரத்தில் நின்றது என்று கேட்கிறீர்கள். இத்தனை பேர் விழுந்த பிறகும் பன்னிரண்டாவது வாரம் அதே மாத்திரையைக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான். இளகிய மனசு. அது அவள் அம்மா வழி.

அறிக்கை வெளியான அன்றே சின்னவள் என் அறைக்கு வந்தாள். கதவைத் தட்டினாள், உட்காரவில்லை.

"அத்தை, சல்லடைய செஞ்சுட்டுத்தான் சலிக்கணும்னு நீங்கதானே சொல்லுவீங்க. இப்ப கல்லைப் பாத்துட்டு சல்லடை செஞ்சிருக்கீங்க."

"உங்கப்பா பேரு என்னடி ஆகும்?" என்றேன்.

"விழுந்தவங்களுக்கும் பேரு இருந்துச்சு அத்தை."

பேச்சு மட்டும் என் வழி. அதன்பிறகு ஒரு வருடம் அவள் வீட்டுக்கு வரவில்லை.

அந்த ஒரு வருடத்தில் எத்தனை பேர் விழுந்து இறந்தார்கள் என்று நீங்கள் ஒரு எண்ணை நீட்டுகிறீர்கள். நானூற்றுப் பத்து. மன்னிக்க வேண்டும். மூன்று இடங்களில் மூன்று விதமாக எண்ணியதை அப்படியே கூட்டியிருக்கிறீர்கள். என் வகுப்பில் முதல் வருட மாணவன்கூட இதைச் செய்ய மாட்டான். சரியாகக் கூட்டினால் முந்நூற்று எழுபதைத் தாண்டாது.

இனி தம்பியின் விஷயம். மனைவி போன பிறகு அவனுக்குத் தூக்கம் வரவில்லை. தன் மாத்திரையைத் தானே சாப்பிட ஆரம்பித்தான். சாப்பாட்டுக்குப் பிறகு நான்தான் எடுத்துக் கொடுப்பேன். ஒரு நாள் காலைக் காபிக்கு வந்தவன், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, காலையில காலு கொஞ்சம் தள்ளாடுது. மாத்திரையா இருக்குமோ?"

"வயசுடா. எல்லாத்தையும் நான்தானே கூட்டிப் பாத்தேன்."

"நீ பாத்தா சரியாத்தான் இருக்கும்," என்று சிரித்துவிட்டுக் காபியைக் குடித்தான்.

வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? நிறுத்துடா என்று ஒரு வார்த்தை சொன்னால், அவன் பதினைந்து வருட உழைப்பும் அந்த ஒரு வார்த்தையில் போய்விடும். உறவினர்கள் மறுபடியும் வந்து காபி கேட்பார்கள்.

மூன்று வாரம் கழித்து, காலை ஆறே காலுக்குக் குளியலறையில் சத்தம் கேட்டது. தொட்டி விளிம்பில் தலை பட்டிருந்தது. தரை ஈரமாக இருந்தது, வழுக்கிவிட்டான் என்று ஆம்புலன்ஸில் வந்த மருத்துவரிடம் சொன்னேன். அவரும் ஈரத்தைப் பார்த்தார், அப்படியே எழுதினார். தெருவில் குழாய் வேலை நடந்ததால் முந்தின நாள் மதியத்திலிருந்து எங்கள் குளியலறைக் குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை, தொட்டியும் காலி என்பதைச் சின்னவள்தான் கண்டுபிடித்தாள். உங்களிடம் வந்து சொன்னவளும் அவள்தான். நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன். எதையும் சரிபார் என்று சொல்லி வளர்த்தவள் நான்.

ஈரம் எங்கிருந்து வந்தது என்பதுதானே உங்கள் கேள்வி. சமையலறையில் குடிக்கப் பிடித்து வைத்திருந்த தண்ணீர். இரண்டு செம்பு. காய்ந்த தரையில் அவன் விழுந்து கிடந்தால், தன் மாத்திரையாலேயே விழுந்தான் என்று ஊர் சொல்லும். என் தம்பிக்கு அந்தப் பெயர் வரவிட மாட்டேன். அவன் கண் திறந்திருந்தது. ஊற்றும்போது முகத்தில் தெறிக்காமல் பார்த்துக்கொண்டேன். அக்கா என்றுகூடச் சொன்னான். செம்பைத் துடைத்து அதன் இடத்தில் வைத்துவிட்டு ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். மொத்தம் எட்டு நிமிடம்.

அந்த எட்டு நிமிடத்தில் அவனைக் காப்பாற்றியிருக்கலாம் என்கிறீர்கள். இல்லை. தலையில் அடிபட்டவர்களுக்கு எட்டு நிமிடத் தாமதத்தால் எந்த வித்தியாசமும் வருவதில்லை. அவன் போன மறுவாரமே உட்கார்ந்து இது சம்பந்தமான முப்பத்தொரு ஆய்வுகளையும் படித்துவிட்டேன். பத்தொன்பதைத்தான் சேர்க்க முடியவில்லை.