ஈச்சங்கூடைக்கு வந்த பாதுகாப்பு

திருத்துறைப்பூண்டியில் நாகப்பட்டினம் பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும், முன்சீட்டில் ஒரு பெண் சொன்னது காதில் விழுந்தது.

"நம்ம ஈச்சங்கூடைக்குச் சட்டப் பாதுகாப்பு வந்துருச்சு அண்ணி. இனிமே அதை முடையவே முடியாது."

பக்கத்தில் இருந்த அண்ணி திரும்பிப் பார்த்தாள். "என்ன செல்வி சொல்ற?"

"அது இருளருங்க கைவினையாம். வேற யாரும் நம்ம பேரைச் சொல்லி விக்கக் கூடாதாம். அதுக்கு விழா வச்சு என்னை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போத்துனாங்க. மறுவாரம் காட்டுல ஈச்ச ஓலை அறுத்தேன், ஃபாரஸ்ட் கார்டு வந்து ஓலைக்கட்டைப் புடுங்கிட்டாரு. காட்டுக்கும் பாதுகாப்பு இருக்காம்."

"சும்மாவா விட்ட?"

"ஃபாரஸ்ட் ஆபீசுக்கே போனேன். விழாவுல நான் அவருக்குக் குடுத்த கூடை, ஆபீசரய்யா மேசையில இருக்கு. 'இதுவும் இந்தக் காட்டு ஓலைதாங்கய்யா'ன்னேன். கட்டைக் குடுத்துருவாருன்னு நெனச்சேன்."

"குடுத்தாரா?"

"கூடையத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. அதையும் என் கட்டோட சேர்த்து உள்ள வச்சுப் பூட்டச் சொல்லிட்டாரு. நேர்மையான மனுசன்."

அண்ணி வாய்விட்டுச் சிரித்தாள். செல்வி சிரிக்கவில்லை.

"அதுலேருந்து கையில வேலை இல்ல அண்ணி. நடவுக்குப் போகலாம்னா அங்க மெஷின் நடுது."

"இப்ப நாகப்பட்டினத்துக்கு எதுக்குப் போற?"

"ஈச்சங்கூடைப் பாதுகாப்புத் திட்டத்துல பொண்ணுங்களுக்குக் கூடை முடையப் பயிற்சி குடுக்குறாங்க. நான்தான் டீச்சர்."

"ஓலைக்கு எங்கடி போவ?"

"அவங்களே பிளாஸ்டிக் ஒயர் வாங்கி வச்சிருக்காங்களாம்."